நூற்று ஆறு பவுண்டு ஆசிரியை

1

சென்ற மாதம் கோயிலில் அன்னதான வரிசையில் நின்றபோது, எனக்கு முன்னால் நின்ற இளைஞரைப் பார்த்து "நூத்தித் தொண்ணூறு" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். அவர் திரும்பிப் பார்த்தார். டோக்கன் எண்ணைத்தான் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, "இங்க டோக்கன் எல்லாம் இல்ல ஆன்ட்டி, நேரா போலாம்" என்று வழி விட்டார். நல்ல பிள்ளை. நான் சொன்னது அவருடைய எடையை, பவுண்டில்.

தொழில் வியாதி. பல் மருத்துவர் எதிரில் பேசுகிறவரின் பல்லைப் பார்ப்பார், தையல்காரர் சட்டையைப் பார்ப்பார். நான் இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய சின்ன விமானத்தில் பறக்கக் கற்றுக்கொடுக்கிறேன். யாரைப் பார்த்தாலும், இவர் ஏறினால் எவ்வளவு பெட்ரோலைக் குறைக்க வேண்டியிருக்கும் என்றுதான் மனம் ஓடுகிறது.

நான் முன்பு வேலை பார்த்த கரூர் பெண்கள் பள்ளிக்கு இது ஐம்பதாவது வருடம். மலர் போடுகிறார்களாம். வெளிநாட்டு வாழ்க்கையைப் பற்றி நாலு பக்கம் எழுதித் தரும்படி கேட்டிருந்தார்கள். கேட்டதற்கு முதல்நாள் எங்கள் பழைய ஆசிரியைகளின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு விவாதம் நடந்தது. "சாந்தாமணி அங்க ஏரோப்ளேன் ஓட்டுதாமே, நெசமா?" என்று தமிழாசிரியை ராஜேஸ்வரி கேட்டார். "ஓட்டறதில்லீங்க மிஸ், ஓட்டறதுக்குச் சொல்லிக் குடுக்குதாம்" என்று தாவரவியல் கலாமணி திருத்தினார். அதற்குக் கணக்கு வாத்தியார் வீட்டம்மா எழுதிய பதில்: "அது கார் லைசென்சே நாலாவது தடவைலதான வாங்குச்சு?"

மூன்றுமே உண்மை. அதனால் விவரமாகவே எழுதிவிடுகிறேன்.

நாங்கள் இருப்பது டெக்சாஸில், டல்லாஸுக்கு வடக்கே. வீட்டிலிருந்து நாற்பது நிமிடத்தில் ஒரு சின்ன விமானத் திடல். ஒரு ஓடுதளம், ஒரு தகரக் கொட்டகை, அதற்குள் இரண்டு குட்டி விமானங்கள். இந்த வகைக்கு 'லைட் ஸ்போர்ட்' என்று பெயர். இவ்வளவு எடைக்கு மேல் போகக் கூடாது, இவ்வளவு வேகத்துக்கு மேல் போகக் கூடாது என்று கட்டுப்பாடு உண்டு. ஆளுக்கொரு பண்டம் கொண்டுவரும் ஒரு பாட்லக் விருந்தில் இதை விளக்கிக்கொண்டிருந்தேன். எந்த ஏர்லைன்ஸ் என்று ஏற்கெனவே இரண்டு முறை கேட்டிருந்த ஒரு மாமி, 'ஸ்போர்ட்' என்றதும் முகம் தெளிந்தார். "ஓ, ஸ்போர்ட்ஸ் கோட்டாவா?" என்றார்.

2

கரூரில் பிளஸ் டூவுக்கு இயற்பியல் எடுத்துக்கொண்டிருந்தேன். என் கணவர் செல்லமுத்துவுக்கு நியூ ஜெர்சியில் வேலை கிடைத்தது. இரண்டே வருடம், ஊரைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடலாம் என்று சொல்லித்தான் கூட்டிவந்தார். அந்த இரண்டு வருடம் இப்போது இருபத்தைந்தாவது வருடமாக நடக்கிறது.

முதலில் பிளெய்ன்ஸ்பரோவில் ஓர் அபார்ட்மென்ட். அவர் விடிந்ததும் பிரின்ஸ்டன் ஜங்ஷனில் ரயில் பிடிப்பார். ஆபீஸில் அவர் பெயர் 'செல்' என்று சுருங்கி, கைப்பேசி மாதிரி எல்லோரும் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். என் பெயரைச் சுருக்கக்கூட ஆள் இல்லை. என் விசாவில் நான் அவருடைய மனைவி என்று தெளிவாகப் போட்டிருந்தது. வேலை எதுவும் பார்க்கக் கூடாது என்பதும் அதே தெளிவோடு இருந்தது. மகள் யாழினி பிறந்த பிறகு கொஞ்ச காலம் கைக்கு வேலை இருந்தது. அவள் பாலர் பள்ளிக்குப் போக ஆரம்பித்ததும், காலை ஒன்பதிலிருந்து மாலை மூன்று வரை வீட்டில் ஹீட்டர் சத்தம் மட்டும்தான்.

அப்படி ஒரு குளிர்காலத்தில் நான் பேசுவதை நிறுத்திவிட்டேன். கோபமெல்லாம் இல்லை. பேச வரவில்லை, அவ்வளவுதான். டாக்டரிடம் கூட்டிப் போனார். இரண்டு வருடம் மாத்திரை சாப்பிட்டேன், சரியாகிவிட்டது. பள்ளி மலரில் இதையெல்லாம் எழுதலாமா என்று யோசித்தேன். ஆனால் அந்த மாத்திரை பின்னால் என்னோடு விமானத்தில் ஏறப் பார்த்தது, விட்டுவிட்டு எழுத முடியாது.

பதினோரு வருடம் கழித்து கிரீன் கார்டு வந்தது. வேலை பார்க்கலாம் என்று அனுமதி வந்தபோது எனக்கு வேலை மறந்துபோயிருந்தது. டெக்சாஸுக்கு மாறினோம். ஒரு டேகேரில் சேர்ந்தேன். நியூட்டன் விதிகளை நடத்தியவள், இரண்டு வயதுக் குழந்தைகள் எறியும் கிண்ணங்கள் அந்த விதிகளுக்குக் கட்டுப்படுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு ஒரு தீபாவளிக்கு, செல்லமுத்துவின் ஆபீஸ் குலுக்கலில் அவருக்கு ஒரு கூப்பன் விழுந்தது. ஒரு மணி நேரம் விமானத்தை நீங்களே ஓட்டிப் பாருங்கள் என்று அதில் இருந்தது. பிறந்ததிலிருந்து குலுக்கலில் எதுவும் விழாத மனிதர். இரண்டு வாரம் அதைப் பர்ஸிலேயே வைத்திருந்தார்.

திடலுக்குப் போனோம். அங்கே பறக்கும் பயிற்சிப் பள்ளி நடத்துகிற வால்ட் முன்பு வயல்களுக்கு மருந்தடிக்கும் விமானம் ஓட்டியவர். அவரே ஒரு ஆளுயரப் பீரோ மாதிரி இருப்பார். முதல் கேள்வியாக எடையைக் கேட்டார். செல்லமுத்து இருபது பவுண்டு குறைத்துச் சொன்னார். வால்ட் மூட்டை நிறுக்கிற மாதிரி ஒரு தராசை நோக்கிக் கையைக் காட்டினார். இருநூற்று நாற்பது. வால்ட் இருநூற்று ஐம்பத்தைந்து. இருவரும் ஏறினால் நாலு கேலன் பெட்ரோலுக்கு மேல் ஊற்ற முடியாது, அது ஒரு மணி நேரத்துக்குக் காணாது என்று வால்ட் வருத்தத்தோடு சொன்னார். அப்புறம் பெஞ்சில் டிபன் பையோடு உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தார்.

நான் நூற்று ஆறு.

மேலே போனதும் வால்ட், இறக்கை எப்படி நம்மைத் தூக்குகிறது என்று விளக்கினார். இறக்கையின் மேல்பக்கம் வளைவு, அங்கே போகும் காற்றுக்குத் தூரம் அதிகம், கீழே போகும் காற்றோடு சேர்ந்துகொள்வதற்காக அது வேகமாக ஓடுகிறது என்றார். அது தப்பு என்று நான் சொன்னேன். இரண்டு காற்றும் ஒரே நேரத்தில் போய்ச் சேர வேண்டும் என்று எந்த விதியும் இல்லை, சேர்வதும் இல்லை என்றேன். இதே தப்பை எட்டு வருடம் நானும் நடத்தியிருக்கிறேன். கடைசி பெஞ்சு மாணவி ஒருத்தி, "ஏன் மிஸ், அதுக ரெண்டும் பேசி வெச்சுட்டா போகுது?" என்று கேட்ட பிறகுதான் திருந்தினேன். அந்தக் கேள்வியையும் வால்ட்டிடம் சொன்னேன்.

வால்ட் ஓட்டும் தண்டை என் கையில் கொடுத்துவிட்டுத் தன் கைகளை மடியில் வைத்துக்கொண்டார்.

3

பெரிய விமானங்களை ஓட்ட மருத்துவச் சான்று வேண்டும். அதற்கு விண்ணப்பித்தால் பழைய மாத்திரையை எழுத வேண்டும். எழுதினால் கடிதம் மேல் கடிதம் வரும், மறுத்தாலும் மறுப்பார்கள். லைட் ஸ்போர்ட்டுக்கு அந்தச் சான்று தேவையில்லை, கார் ஓட்டும் லைசென்ஸே போதும். ஆனால் ஒரு நிபந்தனை. மருத்துவச் சான்றுக்கு விண்ணப்பித்து மறுக்கப்பட்டவராக இருக்கக் கூடாது. கேட்காதவருக்குக் கதவு திறந்திருக்கும். கேட்டு இல்லை என்று ஆகிவிட்டால் இந்தக் கதவும் சாத்திக்கொள்ளும். நம் ஊர் தாலுகா ஆபீஸில்கூட இப்படியொரு விதியை நான் பார்த்ததில்லை.

உங்கள் உடல் பறக்க லாயக்கில்லை என்று உங்களுக்கே தெரிந்தால் பறக்காதீர்கள் என்பதும் விதிதான். அதனால் என் டாக்டரிடம் போய் ஒளிக்காமல் கேட்டேன். பத்து வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, நீங்கள் நன்றாகவே இருக்கிறீர்கள், தாராளமாகப் போங்கள் என்றார். அமெரிக்கக் குடிமகள் இல்லை என்பதால் கைரேகை கொடுத்து, அரசாங்கத்தின் அனுமதிக்காகக் காத்திருந்தேன். வந்தது. கற்றுக்கொண்டேன். லைசென்ஸும் வாங்கினேன், முதல் தடவையிலேயே. கணக்கு வாத்தியார் வீட்டம்மா கவனிக்கவும்.

இந்த நேரத்தில்தான் டெப்ராவைப் பார்த்தேன். அறுபத்திரண்டு வயது. பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர். அவருடைய வழித்தடம் எங்கள் திடலின் வேலியை ஒட்டிப் போகிறது. சனிக்கிழமைகளில் வந்து கொட்டகை வாசலில் உட்கார்ந்து விமானங்கள் ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். கற்றுக்கொள்ள வேண்டும் என்று கேட்டு இரண்டு வருடம் ஆகிறதாம். வால்ட் ஒவ்வொரு முறையும் பார்க்கலாம் என்று மட்டுமே சொல்லியிருந்தார். மூட்டைத் தராசைக் காட்ட ஆண்களிடம்தான் அவருக்குத் தைரியம் உண்டு.

ஒருநாள் வால்ட் என்னைக் கூப்பிட்டு, நீங்கள் பயிற்சி ஆசிரியராக வேண்டும் என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இருபது வருடம் கழித்து ஒருவர் என்னிடம் இருந்த வாத்தியாரைக் கண்டுபிடித்துவிட்டாரே என்று நினைத்தேன். "டெப்ராவை ஏற்றினால் பெட்ரோல் போட இடம் இருக்கிற ஒரே ஆசிரியர் நீங்களாகத்தான் இருப்பீர்கள்" என்று முடித்தார்.

4

அதற்கான தகுதிகளைச் சொல்கிறேன். வயது பதினெட்டு ஆகியிருக்க வேண்டும், அது ஆகித்தான் இருந்தது. ஆங்கிலம் படிக்க, பேச, எழுத, புரிந்துகொள்ளத் தெரிய வேண்டும். 'தெரியும்' என்று டிக் அடித்தேன், அந்த டிக்கைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். நூற்றைம்பது மணி நேரம் பறந்திருக்க வேண்டும். வாரா வாரம் போய்ப் பறந்து பறந்து அதை எட்டுவதற்குள் யாழினி கல்லூரியையே முடித்துவிட்டாள்.

எழுத்துத் தேர்வு இரண்டு. ஒன்று விமானம் பற்றி, இன்னொன்று கற்பிக்கும் முறை பற்றி. இரண்டாவதில் ஒரு விலக்கு உண்டு. ஏழாம் வகுப்புக்கு மேல் கற்பிக்க, ஒரு மாநிலம் கொடுத்த ஆசிரியர் சான்றிதழ் இருந்தால் அந்தத் தேர்வை எழுத வேண்டியதில்லை. படித்ததும் துள்ளிக் குதித்தேன். என் பி.எட். சான்றிதழைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்துக்கொண்டு விமானத் துறை அலுவலகத்துக்குப் போனேன். எந்த மாநிலம் என்று அங்கிருந்த பெண் கேட்டார். தமிழ்நாடு என்றேன். அவர் தன் பட்டியலில் தேடிப் பார்த்தார். டென்னஸிக்குப் பக்கத்தில் இரண்டு முறை தேடினார். பிறகு, அது எங்கள் ஐம்பது மாநிலங்களில் ஒன்றாக இருக்க வேண்டும் என்று மிகவும் மரியாதையாகச் சொன்னார். விதியில் 'ஒரு மாநிலம்' என்றுதானே இருக்கிறது, தமிழ்நாடும் மாநிலம்தானே என்று நான் வாதாடினேன். அவர் அதை மறுக்கவில்லை. தேர்வுக்கான விண்ணப்பத்தை மட்டும் என் பக்கம் நகர்த்தினார்.

எழுதினேன். பி.எட்.டில் படித்த அதே கற்றல் விதிகள், அதே ஊக்குவித்தல், அதே மாணவர் உளவியல். ஒரு கேள்விதான் தவறு. சாக்குப்போக்குச் சொல்லும் மாணவரை ஆசிரியர் எப்படிக் கையாள வேண்டும் என்ற கேள்வி அது. கொடுத்திருந்த மூன்று விடைகளிலும் முட்டி போட வைப்பது இல்லை, குழம்பிவிட்டேன்.

அடுத்தது சுழற்சிப் பயிற்சி. விமானம் கட்டுப்பாடு இழந்து பம்பரமாகச் சுற்றிக்கொண்டே கீழே விழுந்தால் எப்படி மீள்வது என்று ஆசிரியராகப் போகிறவர் நிஜமாகவே செய்து பழகியிருக்க வேண்டும். எங்கள் குட்டி விமானத்தில் அதைச் செய்யக் கூடாது என்பதால் வேறொரு ஊருக்கு, வேறு விமானத்துக்குப் போனேன். செல்லமுத்து கார் ஓட்டி வந்தார். கையில் நான்கு எலுமிச்சம்பழம். விமானத்தின் மூக்கு கீழே கவிழ்ந்து, டெக்சாஸ் முழுவதும் மிக்ஸி ஜாருக்குள் போட்ட மாதிரி சுற்றியது. எதிர்ப்பக்க மிதியை மிதித்து, தண்டை முன்னால் தள்ளி வெளியே வந்தோம். நாலு முறை. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. இறங்கி வந்து பார்த்தால், எலுமிச்சம்பழங்களைக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தவர் முகர்ந்து தீர்த்திருந்தார்.

5

கடைசியாகச் செய்முறைத் தேர்வு. தேர்வாளர் கேரல் என்ற நரைத்த தலைப் பெண்மணி. காலையில் வெள்ளைப் பலகையில் பாடம் நடத்தச் சொன்னார். அது எனக்குச் சர்க்கரைப் பொங்கல். மதியம் விமானத்தில் ஏறினோம். கேரல் இப்போது ஒன்றும் தெரியாத மாணவியாக நடிப்பார், நான் வாயால் சொல்லிச் சொல்லிச் செய்ய வைக்க வேண்டும்.

மாணவி மூக்கை அதிகமாகத் தூக்கினார். வேகம் குறைந்தது. மூக்கைக் கொஞ்சம் கீழே வையுங்கள் என்று சொல்ல நினைத்து, "கீப் த நோஸ் லிட்டில் டவுன்" என்றேன். கேரல் தண்டைத் தள்ளினார். தள்ளி அப்படியே பிடித்துக்கொண்டார். வயல்கள் பெரிதாகிக்கொண்டே வந்தன. நடுவில் கொண்டுவந்து வையுங்கள் என்பதை "கீப் இட் இன் த மிடில்" என்று சொன்னேன். கேரல் குனிந்து பார்த்தார். தண்டு இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் நடுவில்தான் இருந்தது. தலையை ஆட்டிவிட்டுப் பிடியை விடாமல் வைத்திருந்தார். வேகமுள் ஆபத்தைக் காட்டும் மஞ்சள் பட்டைக்குள் போன பிறகு, நான் தண்டைப் பிடுங்கி விமானத்தை நிமிர்த்தினேன்.

தரையில் இறங்கியதும் கேரல் சிரிக்காமல் சொன்னார். "நீங்கள் 'கீப்' என்றீர்கள். நான் 'கீப்' பண்ணினேன்."

தமிழில் நாம் எதையும் வைப்போம். பையை வைப்போம், பாலை வைப்போம், பொட்டு வைப்போம். அத்தனைக்கும் ஆங்கிலத்தில் எனக்கு 'கீப்' ஒன்றுதான். அவர்களுக்கோ 'கீப்' என்றால் விடாமல் அப்படியே வைத்திரு என்று பொருள். இருபது வருடமாக இதைச் சொல்லிக்கொண்டு கடைகளிலும் டேகேரிலும் காலம் ஓட்டியிருக்கிறேன். இரண்டாயிரம் அடி உயரத்தில்தான் ஒருவர் அதைப் பிடித்தார்.

மறுப்புத் தாளோடு கொட்டகைக்குள் வந்தேன். டெப்ரா வாழைப்பழ பிரெட் செய்து எடுத்துவந்து காத்திருந்தார். தோற்றுவிட்டேன் என்றேன். அவர் ஒரு துண்டை வெட்டி என் கையில் கொடுத்தார். "நான் இங்கேதான் இருப்பேன், மிஸ் ஷாந்தா" என்றார். டெக்சாஸில் மரியாதைக்குப் பெயருக்கு முன்னால் மிஸ் போடுவார்கள். எனக்கு அது கரூர் சத்தமாகக் கேட்டது, அழுதுவிட்டேன்.

அன்று இரவு செல்லமுத்து வழக்கத்தைவிட இரண்டு தோசை அதிகமாகச் சாப்பிட்டார். சந்தோஷத்தை மறைக்கத் தெரியாத மனிதர். எனக்கு வந்த ஆத்திரத்தில் அடுப்பை அணைத்துவிட்டுக் கேட்டேன்.

"நான் தோத்தது உங்களுக்கு அத்தனை சந்தோசமுங்களா?"

"தோத்ததுக்கில்ல சாந்தா. நீ ஊட்டுக்கு வந்துட்டியே, அதுக்கு." தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அப்ப, பிளெய்ன்ஸ்பரோல, ஒவ்வொரு நாளும் கதவத் தொறக்கறப்ப நீ எப்படி இருப்பியோன்னு பயந்துட்டேதான் வந்தேன். அது எனக்கு இன்னும் போகல."

நான் அந்தக் குளிர்காலத்தை என்னுடையது மட்டும் என்றே நினைத்திருந்தேன். இத்தனை வருடத்தில் அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. அடுப்பை மறுபடி பற்றவைத்தேன். அவர் இன்னும் ஒன்று சாப்பிட்டார். கை கழுவும்போது, பறக்க வேண்டாம் என்று சொல்லப்போகிறாரோ என்று பார்த்தேன். இங்கிலீஷுக்குத்தான் வீட்டில் ஒரு ஆள் இருக்கிறாளே, யாழினியைக் கேட்டால் என்ன என்றார்.

6

யாழினிக்கு வேறு மாநிலத்தில், சான் ரமோனில் வேலை. வாரத்துக்கு ஒரு முறை, ஞாயிற்றுக்கிழமை, ட்ரெட்மில்லில் நடந்துகொண்டே பேசுவாள். நான் தமிழில் கேட்பேன், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்லுவாள். சாப்பிட்டாயா, யெஸ். தூங்குகிறாயா, யெஸ். இதில் ட்ரெட்மில் பேசுவதுதான் அதிகம்.

இப்போது தினமும் மாலை அரை மணி நேரம் வேண்டும் என்று கேட்டேன். அவள் மாணவி, நான் ஆசிரியை. நான் 'கீப்' என்று சொல்லும்போதெல்லாம் கரண்டியால் டம்ளரைத் தட்ட வேண்டும். முதல் நாள் அவள் டம்ளர் பட்ட பாடு பூசாரி கை மணி படாது. இரண்டாவது வாரத்தில் லோயர், ரெய்ஸ், ஹோல்டு, ரிலாக்ஸ் என்று எனக்கு நாலு வார்த்தைகள் பழகின. அவளும் ட்ரெட்மில்லை நிறுத்திவிட்டு உட்கார்ந்து பேச ஆரம்பித்திருந்தாள்.

ஒருநாள் பாடத்தின் நடுவில் அவள் சத்தமே காணோம். லைன் கட்டாகிவிட்டதோ என்று பார்த்தேன். இல்லை. அவளுக்கு ஒன்று ஞாபகம் வந்திருந்தது. ஆபீஸில் யாருக்கோ பிறந்தநாள். கேக் பெட்டியை ஏந்திக்கொண்டு, இதை எங்கே வைப்பது என்பதற்கு "வேர் ஷுட் ஐ கீப் திஸ்?" என்று கேட்டிருக்கிறாள். "நீ ஏன் வைத்துக்கொள்ள வேண்டும், அது எல்லோருக்கும்தானே" என்று ஒருத்தி சொல்ல, அறையே சிரித்ததாம். இங்கேயே பிறந்து வளர்ந்த தனக்கு ஏன் அப்படி வந்தது என்று அவளுக்கு அன்று புரியவில்லை.

"ஸோ தட்ஸ் நாட் பேட் இங்கிலீஷ்" என்றாள் மெதுவாக. "அது தமிழாம்மா?"

"தமிழ்தான் கண்ணு."

இவளுக்குத் தமிழே ஏறவில்லை என்று நானும் செல்லமுத்துவும் எத்தனையோ நாள் ஒருவர்மேல் ஒருவர் பழி போட்டிருக்கிறோம். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கு அனுப்பினோம், அகரம் எழுதவைத்தோம். அதெல்லாம் எங்கே போனதோ தெரியாது. நாங்கள் கற்றுக்கொடுக்காதது அவளுடைய ஆங்கிலத்துக்குள்ளே போய் உட்கார்ந்திருக்கிறது. அன்று அவளிடம் இதை விளக்கவில்லை. வேறு என்னென்ன அப்படி இருக்கும் என்று அவளே தேட ஆரம்பித்துவிட்டாள், ஒன்றரை மணி நேரம் போனது.

இரண்டாவது முறை கேரல் என்ன நடித்தும் என் வாயிலிருந்து 'கீப்' வரவில்லை. தேறினேன். யாழினியின் அழைப்புகள் மறுபடி ஞாயிற்றுக்கிழமைக்குப் போய்விட்டன. ஆனால் உட்கார்ந்துதான் பேசுகிறாள்.

7

டெப்ராவின் முதல் வகுப்பு. எடையைக் கேட்டாக வேண்டும். வால்ட் வெளியே போய் இல்லாத வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் எடைத்தாளை எடுத்து, ஆசிரியர் என்ற கட்டத்தில் நூற்று ஆறு என்று எழுதி, தாளையும் பேனாவையும் டெப்ராவிடம் தள்ளினேன். அவர் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இருநூற்று அறுபது என்று எழுதினார். நான் கூட்டிப் பார்த்து, டாங்க்கை நிரப்பிக்கொள்ளலாம் என்றேன். இதற்குத்தானா இத்தனை வருடம் என்று டெப்ரா கேட்டார். ஆமாம் என்றேன். வெளியே வால்ட் அதே சக்கரத்துக்கு மூன்றாவது முறையாகக் காற்றடித்துக்கொண்டிருந்தார்.

இன்னொரு சடங்கும் உண்டு. மாணவர் அமெரிக்கக் குடிமகன்தானா என்று ஆசிரியர் அத்தாட்சி பார்த்துப் பதிவு செய்ய வேண்டும். டெப்ரா பிறப்புச் சான்றிதழைக் கொண்டுவந்திருந்தார். டெக்சாஸில் பிறந்து, டெக்சாஸைவிட்டு அதிகம் வெளியே போகாதவர். எத்தனை கவுன்ட்டர்களில் நான் தாளை நீட்டிவிட்டு எதிரில் இருப்பவரின் புருவத்தைப் பார்த்துக்கொண்டு நின்றிருப்பேன். இப்போது டெப்ரா என் புருவத்தைப் பார்த்துக்கொண்டு, இது போதுமா என்று கேட்டார். நான் கிரீன் கார்டுக்காரி. நிதானமாகப் படித்து, போதும் என்றேன். கொஞ்சம் கூடுதல் நிதானம்தான், ஒப்புக்கொள்கிறேன்.

நல்ல மாணவி. ரயில் தண்டவாளத்தின் முன்னால் பள்ளிப் பேருந்தை நிறுத்திக் காது கொடுத்துக் கேட்பது சட்டம் என்பதால், ஓடுதளத்தின் கோட்டுக்கு முன்னாலும் முழுதாக நிறுத்தி, இரண்டு பக்கமும் பார்த்து, காதும் கொடுப்பார். வளைவுகளில் பின்னால் குழந்தைகள் நிற்கிற மாதிரி மெதுவாகத் திருப்புவார். இறங்குவதுதான் வரவில்லை. தரை நெருங்கியதும் கையை இறுக்கிவிடுவார், விமானம் பத்தடி மேலேயே நின்று தொப்பென்று விழும். சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். ஒருநாள் தொண்டை கட்டிப்போய் என்னால் பேச முடியவில்லை. அன்றைக்குத்தான் பூப்போல இறக்கினார். அதற்குப் பிறகு கடைசி நூறு அடியில் நான் வாயைத் திறப்பதில்லை. இருபத்தொன்பது வயதிலேயே இதைக் கற்றிருந்தால் கரூரில் இன்னும் நாலு பேர் இயற்பியலில் சென்டம் வாங்கியிருப்பார்கள்.

ஒரு சனிக்கிழமைக் காலை, காற்று எழும்புவதற்கு முன்னால், நான் பெல்ட்டைக் கழற்றி இறங்கினேன். ஒரே ஒரு சுற்று, இறங்கி நேராக இங்கே வந்து நிறுத்துங்கள் என்றேன். டெப்ரா என்னைப் பார்த்தார். தலையை ஆட்டினார். கதவைச் சாத்தினேன்.

நூற்று ஆறு பவுண்டு குறைந்ததால் விமானம் சட்டென்று எழும்பியது. நான் புல்லில் நின்றேன். கையில் ரேடியோ. பக்கத்தில் வால்ட், குளிர்ந்துபோன காபியோடு. டெப்ரா சுற்றி முடித்து நேராக வந்தார், கொஞ்சம் உயரமாக, பிறகு சரியாக. சக்கரம் ஒரு முறை துள்ளியது, உட்கார்ந்தது. நான் மூச்சை விட்டேன். அடுத்த நொடி இன்ஜின் சத்தம் ஏறியது. மறுபடி மேலே போய்விட்டார்.

வால்ட் என் கையில் இருந்த ரேடியோவைப் பார்த்தார். நான் பொத்தானை அமுக்கவில்லை. இரண்டாவது முறை இறங்கினார். மறுபடி ஏறினார்.

மூன்றாவது முறைக்குப் பிறகு வந்து நிறுத்தினார். இன்ஜின் ஓய்ந்தது. கதவு திறக்கவில்லை. பன்னிரண்டாம் வகுப்பில் பேசுகிற குரலைத் தயார் செய்துகொண்டு போனேன். ஒரு சுற்று என்றால் ஒரு சுற்றுதான் என்று ஆரம்பிப்பதாக இருந்தேன். டெப்ரா இரண்டு கைகளையும் மடியில் போட்டுக்கொண்டு முன்னால் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"இருபத்தெட்டு வருஷமா பஸ் ஓட்டுறேன், மிஸ் ஷாந்தா" என்றார். "வண்டியில பின்னாடி யாரும் கத்தாம ஓட்டினது இன்னைக்குத்தான். அவ்வளவு நல்லா இருந்துச்சு. இறங்க மனசு வரலை."

அவருடைய பறப்புப் பதிவேட்டில், தனியாக இறங்கிய எண்ணிக்கை என்ற கட்டத்தில் நான் முன்கூட்டியே ஒன்று என்று எழுதி வைத்திருந்தேன். அதை அடித்து மூன்று என்று எழுதி, பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன்.